பெரியப்பாவின் மோரிஸ் மைனர்: ஈயமில்லாத பெட்ரோல் வால்வைத் தின்னுமா?

யீஷூன்_குமரன்

வணக்கம். பழைய கார் வைத்திருப்பவர்கள் ஒரு யோசனை சொல்லுங்கள்.

பெரியப்பாவின் 1966 மோரிஸ் மைனர் என் கைக்கு வந்திருக்கிறது. 1098 சிசி எஞ்சின். சிங்கப்பூரில் பழைய கார்களுக்கான கிளாசிக் திட்டத்தில் இருப்பதால் வருஷத்துக்கு 45 நாள்தான் சாலையில் ஓட்டலாம். வண்டியோடு அவருடைய கணக்கு நோட்டும் வந்தது. எண்ணெய், டயர், சாலை வரி எல்லாம் பைசா பாக்கி இல்லாமல் எழுதியிருக்கிறார். 1998 ஜூலைப் பக்கத்தில், "ஈய எண்ணெய் நின்றுபோச்சு. மருந்து பாட்டில் வாங்கினேன்" என்று ஒரு வரி. ஈயத்துக்குப் பதிலாகப் பெட்ரோலில் கலக்கும் திரவத்தைத்தான் மருந்து என்கிறார். அப்புறம் சில வருஷம் பாட்டில் செலவு வருகிறது, பிறகு அதுவும் இல்லை.

போன வாரம் ஒரு பட்டறையில் காட்டினேன். "வால்வு சீட் எல்லாம் போயிருக்கும், ஹெட்டைக் கழற்றி மொத்தமும் செய்யணும்" என்றார்கள். ஹெட் என்றால் வால்வுகள் இருக்கும் எஞ்சினின் மேல்பாகம். அப்படிச் சொன்னவர் மூடியைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது. காலையில் முதல் திருப்பிலேயே பிடித்துக்கொள்கிறது.

கேள்வி இதுதான். ஈயமில்லாத பெட்ரோலில் இத்தனை வருஷம் ஓடிய வண்டிக்கு இப்போது ஹெட் வேலை அவசியமா? மருந்து ஊற்ற வேண்டுமா?

ஏஎம்கே_ஆறு

98 ஊத்து தம்பி. விலை கூடுன எண்ணெய் ஊத்துனா எல்லாம் சரியாப் போகும் லா.

பழைய_ஸ்பேனர்

ஆறு அண்ணே, 98 வேற கதை, வால்வு சீட் வேற கதை. ரெண்டையும் போட்டுக் குழப்பித்தான் அந்தக் காலத்துல பாதிப் பேரு காசை விட்டாங்க. நான் ரிட்டையர் ஆகுற வரைக்கும் சின் மிங் பக்கம் பட்டறையில இருந்தவன். கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்குங்க.

பெட்ரோல்ல ஈயத்தை எதுக்குக் கலந்தாங்க? எஞ்சின் 'டொக் டொக்'னு தட்டாம இருக்க. 1921-ல அமெரிக்காவுல ஜெனரல் மோட்டார்ஸ்ல வேலை பார்த்த தாமஸ் மிட்ஜ்லி கண்டுபிடிச்சது. டெட்ராஎதில் லெட்னு பேரு. கொஞ்சூண்டு கலந்தாப் போதும், ஆக்டேன், அதாவது தட்டாம தாங்குற அளவு, ஏறிடும், செலவும் கம்மி. பங்குல 95, 98னு போட்டிருக்கிறது அந்த எண்தான். ஆக்டேன் மட்டும்தான் பிரச்சினைன்னா, இன்னிக்குப் பங்குல 95 வாங்குனாலே முடிஞ்சது. உங்க 1098 எஞ்சினுக்கு கம்ப்ரஷன் 8.5-க்கு 1 தான். 95 தாராளம்.

ஆனா ஈயம் சொல்லாம இன்னொரு வேலையும் செஞ்சுச்சு. எரிஞ்ச ஈயம், புகையை வெளியே விடுற எக்ஸாஸ்ட் வால்வு உட்கார்ற இடத்துல மெல்லிசா ஒரு பூச்சா படியும். மோரிஸ் மைனர் ஹெட் முழுக்க வார்ப்பிரும்பு. வால்வு சீட்னு தனி வளையம் கிடையாது, அந்த இரும்புலயே வெட்டி வச்சிருப்பான். பூச்சு இல்லைன்னா, சுட்டுச் சிவந்த வால்வு இரும்புல உட்காரும்போது துளித்துளியா ஒட்டும், எழும்பும்போது பிய்ச்சுக்கிட்டு வரும். பிய்ஞ்ச துணுக்கு வால்வுலயே ஒட்டி அரம் மாதிரி அறுக்கும். சீட் பள்ளமாகப் பள்ளமாக வால்வு மேல ஏறும், டப்பெட் இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதை அமுக்குற ராக்கர் கைக்கும் நடுவுல விடுற சந்து, குறையும். கடைசில வால்வு மூடவே மூடாது, ஓரம் எரிஞ்சு போகும். கம்ப்ரஷன் இருக்காது, ஒரு சிலிண்டர் செத்த மாதிரி வண்டி நொண்டும்.

இது எப்ப நடக்கும்ங்கிறதுதான் முக்கியம். ஆக்சிலேட்டரை அமுக்கிப் புடிச்சு, அதிக ஆர்பிஎம்ல, விடாம நெடுந்தூரம் ஓட்டுனா நடக்கும். ஊருக்குள்ள மெதுவா ஓட்டுற வண்டியில தேய்மானம் ரொம்பக் கம்மி. பழைய ஈயப் பூச்சும் சில ஆயிரம் மைலுக்குக் காப்பாத்தும். உங்க பெரியப்பா இஸ்தானா வாசலுக்கும் ஈஸ்ட் கோஸ்ட்டுக்கும் ஓட்டியிருந்தா அந்த ஹெட் இன்னும் நல்லாவே இருக்கலாம். திறந்து பார்க்காம "போயிருக்கும்"னு சொன்னவன் ஜோசியம் பார்க்கப் போகலாம்.

முதல்ல எஞ்சின் மேல இருக்கிற ராக்கர் மூடியைக் கழற்றி இடைவெளி அளந்து பாருங்க. அப்புறம் பேசுவோம்.

சிராங்கூன்_சிங்கம்

ஸ்பேனர் ஐயா சொல்றது கார் விளையாட்டு. எங்க வீட்டுல அது வயித்துப் பிழைப்பு.

எங்கப்பா பழைய ஆஸ்டின் வேன் வச்சு தேங்காய், வாழையிலை சப்ளை பண்ணுனாரு. பாசிர் பாஞ்சாங்கில ஏத்தி தேக்கா சந்தைக்கு. சுமையோட நாள் முழுக்க ஓடும். ஈய எண்ணெய் நின்னு ஒரு வருஷத்துக்குள்ள வண்டி நொண்ட ஆரம்பிச்சுது. பட்டறைக்காரன் ஹெட் காலின்னான். அதைச் செய்ற காசுக்கு வண்டியே வராதுன்னு பழைய இரும்புக்குப் போட்டாரு. அடுத்த வண்டிக்கு சிஓஇ (வண்டி வச்சுக்கிறதுக்கான உரிமைச் சான்று), கடன், வட்டி. அரசாங்கம் சுத்தமான காத்துன்னு ஒரு அறிவிப்பு விட்டுது, பில் எங்க வீட்டுக்கு வந்துச்சு.

தேக்கா_தென்றல்

சிங்கம் தம்பி, அப்பாவின் கஷ்டத்தைக் குறைத்துச் சொல்ல வரவில்லை. ஆனால் பில் அதற்கு முன்னும் வந்துகொண்டுதான் இருந்தது, வேறு வீட்டு விலாசத்துக்கு.

நான் தாதி. ஈயம் உடம்பில் என்ன செய்யும் என்று மாணவத் தாதியருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். புகையில் வரும் ஈயம் மிக நுண்ணியது, நுரையீரல் வழியே நேராக ரத்தத்துக்குப் போகும். ரத்தத்திலிருந்து சில வாரங்களில் குறைந்துவிடும். ஆனால் அது வெளியே போய்விட்டது என்று அர்த்தமில்லை, பெரும்பகுதி எலும்பில் போய்ச் சேரும். அங்கே பல ஆண்டு கிடக்கும். கர்ப்பிணிகளுக்கு எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்து கரையும்போது ஈயமும் சேர்ந்து கரைந்து குழந்தைக்குப் போகும். குழந்தை விழுங்கும் ஈயத்தில் உடம்பில் தங்கும் பங்கு பெரியவர்களைவிடப் பல மடங்கு. படிப்பு, கவனம், நடத்தை எல்லாவற்றையும் தொடும். இவ்வளவு வரை பாதிப்பே இல்லை என்று ஒரு அளவைக் காட்ட முடியவில்லை என்றுதான் உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது.

சாலையோரக் கடைக்காரர், போக்குவரத்துப் போலீஸ், கீழ் மாடி வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டில் ஜன்னல் திறந்து தூங்கும் குழந்தை. இவர்களில் எத்தனை பேர் கார் வைத்திருந்தார்கள்? உங்கள் அப்பாவே நாள் முழுக்க அந்தப் புகையில்தானே நின்றார்.

சிராங்கூன்_சிங்கம்

அக்கா, புகை கெட்டதுன்னு எனக்கும் தெரியும். கேள்வி, யார் தலையில கட்டுனாங்கங்கிறது.

நாளேடு_நாகா

கொஞ்சம் தேதி வரிசை வைத்துப் பேசலாமா? 1998 ஜூலை 1 அன்று திடீரென்று விழுந்த இடி இல்லை இது.

சிங்கப்பூரில் 1980களிலேயே பெட்ரோலில் ஈய அளவைப் படிப்படியாகக் குறைத்து, 1987-ல் லிட்டருக்கு 0.15 கிராமுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். 1991-ல் ஈயமில்லாத பெட்ரோல் பங்குகளுக்கு வந்தது. தீர்வையைக் குறைத்து, ஈயம் கலந்ததைவிட லிட்டருக்கு ஏறத்தாழ 10 காசு மலிவாக விற்கச் செய்தார்கள். புதிதாகப் பதிவாகும் பெட்ரோல் வண்டிகள் அதில் ஓடக்கூடியவையாக இருக்க வேண்டும் என்ற விதியும் வந்தது. ஏழு வருஷத்துக்குப் பிறகுதான் ஈய பெட்ரோல் விற்பனை நின்றது. அதற்குள் வாங்குவோர் வெகுவாகக் குறைந்துவிட்டார்கள்.

இன்னொன்று. இந்த ஊரில் கார் கிழடாக விடுவதே இல்லை. 1975-லிருந்து பத்து வயதுக்குள் வண்டியைக் கழித்தால் பதிவுக் கட்டணத்தில் சலுகை. 1990 மே மாதத்திலிருந்து சிஓஇ. பத்து வயதைத் தாண்டினால் சாலை வரியில் கூடுதல் கட்டணம், அது 50 விழுக்காடு வரை ஏறும். எனவே 1998-ல் மென்மையான இரும்பு ஹெட் வைத்த வண்டிகள் இங்கே விரல்விட்டு எண்ணும்படி இருந்தன. இந்தியாவில் நாடு முழுக்க நிறுத்தியது 2000 பிப்ரவரியில். இங்கிலாந்தில் 2000 பிறக்கும்போது. கடைசியாக அல்ஜீரியா, 2021-ல்.

புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் மறக்க வேண்டாம். உள்ளே இருக்கும் பிளாட்டினத்தின் மேல் ஈயம் பூசிக்கொண்டால் அது வெறும் டப்பா. ஈயத்தை எடுக்காமல் மற்ற புகையைச் சுத்தம் செய்யவே முடியாது. ஒரு கல்லில் இரண்டு மாங்காய்.

சிராங்கூன்_சிங்கம்

நாகா சார், நீங்களே என் கேஸை எடுத்துக் கொடுத்துட்டீங்க. 10 காசு மலிவு யாருக்குக் கிடைச்சுது? புதுக் கார் வாங்குனவனுக்கு. பழைய வண்டிக்காரன் "நம்ம வண்டிக்கு ஆகாது"ன்னு பயந்து ஏழு வருஷமும் 10 காசு கூடக் குடுத்தே ஊத்துனான். எங்கப்பா அதைத்தான் செஞ்சாரு. வசதி இருந்தவனுக்குத் தள்ளுபடி, இல்லாதவனுக்கு அபராதம். கடைசில வண்டியும் போச்சு.

பழைய_ஸ்பேனர்

சிங்கம் சொல்றதுல நியாயம் இருக்கு. நான் கண்ணால பார்த்தது.

ஆனா அதுல ஒரு வேதனை பாருங்க. அந்த 10 காசைக் கூடக் குடுத்தவங்கள்ல பல பேருக்கு அது தேவையே இல்லை. ஜப்பான்ல 1975-லயே சாதா பெட்ரோல்ல ஈயத்தை எடுத்துட்டான். அதுக்கப்புறம் வந்த டட்சன், டொயோட்டாவுக்கெல்லாம் சீட் கெட்டியாத்தான் இருக்கும். வோல்க்ஸ்வேகன் பீட்டில் ஹெட் அலுமினியம். அலுமினியத்துல வால்வு நேரா உட்கார முடியாது, அதனால பொறக்கும்போதே எஃகு வளையம் இருக்கும். அதுமாதிரிதான் நிறைய மெர்சிடிஸும். இவங்க எல்லாம் 1991-லயே மாறியிருக்கலாம். பட்டறைக்கு வந்து, "அண்ணே என் வண்டி தாங்குமா"ன்னு கேட்பாங்க. அந்த மேனுவலைப் புரட்டிச் சொல்ற பொறுமை எங்கள்ல பல பேருக்கு இல்லை. "எதுக்கு வம்பு, பழையதையே ஊத்து"ன்னு அனுப்பிடுவோம். மருந்து பாட்டில் விக்கிறவனுக்குக் கேட்கவா வேணும்.

நிஜமாவே ஆபத்துல இருந்தது பிரிட்டிஷ் இரும்பு ஹெட்தான். மோரிஸ், ஆஸ்டின், ஃபோர்டு கார்டினா மாதிரி. அதுலயும் சுமை ஏத்துன வண்டி. சிங்கத்தோட அப்பா வண்டி சரியா அந்தக் கட்டத்துல விழுந்துருக்கு. அவருக்கு நஷ்ட ஈடா ஹெட் வேலைக்கு ஒரு தொகை குடுத்திருந்தா அரசாங்கத்துக்கு அது காலணாக் காசு. வண்டி எத்தனை இருந்துருக்கும்? தடை சரி. யாரு வண்டி தாங்கும், யாரு வண்டி தாங்காதுன்னு பிரிச்சுச் சொல்ல ஆளில்லாததுதான் குறை. இது என் கட்சி.

காரைக்குடி_டு_காலாங்

இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும். ஊரில் எங்கள் சித்தப்பாவின் அம்பாசடரும் அந்த மோரிஸ் ஆக்ஸ்போர்டு வாரிசுதான். 1489 சிசி, இரும்பு ஹெட். ஈயமில்லாதது வந்தபோது டிரைவர் அண்ணன் லிட்டருக்கு ஒரு மூடி டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலந்து ஊற்றுவார், வால்வு வழுக்கும் என்று. பின்னால் வருகிற சைக்கிள்காரர் இருமிக்கொண்டே வருவார். அது பலிக்குமா ஐயா?

பழைய_ஸ்பேனர்

பலிக்காது. வால்வு சூட்டுல அந்த ஆயில் எரிஞ்சு கரிதான் மிஞ்சும். சூட்டைத் தாங்கி நிக்கிற பூச்சு வேணும். மருந்து பாட்டில்ல பொட்டாசியம், சோடியம், மாங்கனீசு, பாஸ்பரஸ்னு ஏதோ ஒண்ணு இருக்கும், அது ஓரளவு வேலை செய்யும். இங்கிலாந்துல பழங்கார் சம்மேளனமே சோதனை வச்சு எது தேறுது எது தேறலைன்னு பட்டியல் போட்டுச்சு. ஒரு எச்சரிக்கை, ரெண்டு வகை மருந்தை மாத்தி மாத்தி ஊத்தாதீங்க.

ஏஎம்கே_ஆறு

செலத்தார்ல விமானத்துக்கு ஊத்துறது இன்னும் ஈயம் கலந்ததுதானே? அதைக் கொஞ்சம் வாங்கிக் கலந்தா?

தேக்கா_தென்றல்

ஆறு அண்ணே!

நாளேடு_நாகா

அண்ணே, சின்ன பிஸ்டன் விமானங்களுக்கான 100 எல்எல் எண்ணெயில் லிட்டருக்கு 0.56 கிராம் வரை ஈயம் இருக்கலாம். 1987-லேயே நம் கார்களுக்கு வைத்த அளவைப்போல் கிட்டத்தட்ட நாலு மடங்கு. பெயரில்தான் 'குறைந்த ஈயம்'. சாலை வண்டியில் ஊற்றுவது சட்டப்படியும் ஆகாது, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் ஆகாது.

ஏஎம்கே_ஆறு

கேட்டேன் லா, ஊத்துறேன்னா சொன்னேன்.

டெலிவரி_தமிழ்

இந்த இழையைப் படிக்கும்போது எனக்கு 2028 ஞாபகம் வருது. 2003 ஜூலை 1-க்கு முன்னாடி பதிவான மோட்டார் சைக்கிள் எல்லாம் 2028 ஜூன் கடைசி வரைக்கும்தான். அப்புறம் சாலையில இறங்கக் கூடாது. என் வண்டி அதுல ஒண்ணு. எஞ்சின் சத்தம் கேட்டாலே எது எங்க தளர்ந்திருக்குன்னு சொல்லிடுவேன், அந்தளவுக்குப் பழகுன வண்டி. 2018-ல அறிவிச்சப்ப, 2023 ஏப்ரலுக்குள்ள பதிவை ரத்து பண்ணுனா 3,500 வெள்ளி வரைக்கும் ஊக்கத்தொகை குடுத்தாங்க. நான் எடுக்கல. மோட்டார் சைக்கிள் சிஓஇ போன போக்கைப் பார்த்தா 3,500 எந்த மூலைக்கு?

நாளேடு_நாகா

பத்து வருஷ அவகாசம், கையில் ஊக்கத்தொகை. 1998-ஐவிட இது மேல் என்றுதான் நான் பார்க்கிறேன் தம்பி. அந்தக் காலத்துப் பழைய வண்டிக்காரருக்கு ரொக்கமாக யாரும் எதுவும் கொடுக்கவில்லை.

சிராங்கூன்_சிங்கம்

மேல்தான். ஆனா கணக்கு அதே கணக்கு. அடுத்த வண்டி வாங்குற விலைக்குப் பக்கத்துலகூட வராததைக் குடுத்துட்டு ஊக்கத்தொகைங்கிறாங்க. டெலிவரி தம்பி, 2028 வரைக்கும் ஓட்டு. அதுக்குள்ள மாசாமாசம் கொஞ்சம் எடுத்து வை. எங்கப்பா செய்யாததைச் செய்.

தேக்கா_தென்றல்

சிங்கம் தம்பி சொன்னதில் இது எனக்கும் சம்மதம். சுத்தம் செய்யும் செலவை, அதனால் லாபம் அடைகிற எல்லாரும் சேர்ந்து தாங்க வேண்டும். கடைசி வண்டி வைத்திருப்பவர் தலையில் மட்டும் இறக்கக் கூடாது. அதற்காகத் தடையைத் தள்ளிப் போடலாம் என்று மட்டும் சொல்லாதீர்கள், அங்கே நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

யீஷூன்_குமரன்

விவாதம் எங்கெங்கோ போய்விட்டாலும் நன்றாக இருக்கிறது. நான் அளந்துவிட்டேன்.

ஞாயிறு காலை, எஞ்சின் சில்லென்று இருக்கும்போது ராக்கர் மூடியைக் கழற்றினேன். உள்ளே தேன் நிறத்தில் எண்ணெய்ப் படிவு, கறுப்புப் பிசின் எதுவும் இல்லை. மேனுவலில் சொன்ன ஒன்பது கணக்கில் செய்தேன். 8-ஆம் வால்வு முழுசாக அமுங்கியிருக்கும்போது 1-ஐ அளப்பது, 7 அமுங்கும்போது 2, இப்படி இரண்டும் கூட்டினால் ஒன்பது வர வேண்டும். இடைவெளி 0.012 அங்குலம் இருக்க வேண்டும். ஆறு வால்வுகளில் இடைவெளி அளக்கும் ஃபீலர் தகடு லேசாக உரசிக்கொண்டு போகிறது. 4-லும் 5-லும் 0.012 நுழையவில்லை, 0.010 தான் போகிறது.

இது அபாயமா?

பழைய_ஸ்பேனர்

சபாஷ். 1, 4, 5, 8 நாலும் எக்ஸாஸ்ட். அதுல நடுவுல இருக்கிற 4-ம் 5-ம் ஒட்டி ஒட்டி உட்கார்ந்து ஒரே வாசல்ல புகையைத் தள்ளுது. ஹெட்டுலயே சூடு கூடுன இடம் அதுதான். தேய்மானம் ஆரம்பிச்சா அங்கதான் முதல்ல தெரியும். ஆனா 0.002 அங்குலத்துக்காக ஹெட்டைக் கழற்றாதீங்க. கடைசியா யாரு எப்ப அட்ஜஸ்ட் பண்ணுனாங்கன்னே தெரியாது. நோட்டுல இருக்கா பாருங்க.

ரெண்டையும் 0.012-க்கு வச்சு, ஓடோமீட்டர் எண்ணைக் குறிச்சுக்குங்க. 1,500 கிலோமீட்டர் கழிச்சு அளங்க. அதே இடத்துல நின்னா நிம்மதி. மறுபடி குறைஞ்சா, திரும்ப அளங்க. ஒவ்வொரு தடவையும் குறைஞ்சுக்கிட்டே போனாத்தான் சீட் தின்னுதுன்னு அர்த்தம். 45 நாள் வண்டிக்கு 1,500 கிலோமீட்டர் சேரவே நாளாகும்.

ஒண்ணு மட்டும் கேளுங்க. பாலத்தைத் தாண்டி வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில 110-ல மலாக்கா வரைக்கும் மிதிக்கிற ஆசை இருந்தா அதை விட்டுடுங்க. இல்லைன்னா மருந்து ஊத்திக்கிட்டு 80-ல போங்க.

என்னிக்காவது கேஸ்கெட் போய் ஹெட்டைக் கழற்ற வேண்டி வந்தா, அப்ப எக்ஸாஸ்ட் நாலுக்கும் கெட்டி வளையம் போட்டுடுங்க. ஹெட்டைக் குடைஞ்சு, வளையத்தை இறுக்கி அடிச்சு, 45 டிகிரியில வெட்டணும். நல்ல மெஷின் கடையில குடுங்க. குடையும்போது கொஞ்சம் ஆழம் கூடுனாலும் தண்ணி போற பாதை உடைஞ்சிரும், ஹெட் குப்பைக்கு. பெட்ரோல் உள்ள போற இன்டேக் பக்கம் தொட வேண்டாம்.

யீஷூன்_குமரன்

நோட்டில் இருக்கிறது ஐயா! 2009-ல் "வால்வு சரி செய்தது" என்று ஒரு வரி. அதற்கப்புறம் இல்லை. மருந்து பாட்டில் நின்றது அதற்கும் முன்னால்.

பழைய_ஸ்பேனர்

அப்ப அத்தனை வருஷத்துல 0.002. பெரியப்பா வண்டியை ஓட்டத் தெரிஞ்சவரு. மருந்தும் வேணாம், ஹெட் வேலையும் வேணாம்.

அதைவிட பெட்ரோல் குழாயைப் பாருங்க, அதுதான் என் கவலை. ஈயத்தை எடுத்ததும் ஆக்டேனுக்காக வேற சரக்கெல்லாம் கூடுதலாக் கலக்குறாங்க. பழைய ரப்பர் அதைத் தாங்காது, ஊறி வெடிக்கும். பம்ப்புக்கும் கார்பரேட்டருக்கும் நடுவுல இருக்கிற குழாயை விரலால வளைச்சுப் பாருங்க. கீறல் தெரிஞ்சா அன்னிக்கே மாத்துங்க, பக்கத்துலயே எக்ஸாஸ்ட் கொதிச்சுக்கிட்டு இருக்கு. வால்வு போனா வண்டி நிக்கும், குழாய் போனா வண்டி எரியும்.

யீஷூன்_குமரன்

வளைத்துப் பார்த்தேன். கீறல் இருக்கிறது. இந்த வாரமே மாற்றுகிறேன். என்ன அளவு வாங்க வேண்டும்?

பழைய_ஸ்பேனர்

பழைய குழாயில ஒரு துண்டு வெட்டிக் கையோட கொண்டு போங்க. பெட்ரோலுக்கான குழாய்னு மேல அச்சடிச்சிருக்கணும், தண்ணிக் குழாயைத் தலையில கட்டிடுவான். கிளிப்பும் புதுசு வாங்கிக்குங்க.